நம்பர் இருந்த இடம்

எங்கள் ஹெரால்டு காரின் இன்ஜின் நம்பரை அழித்தது நான்தான். இது இதுவரை மூன்று பேருக்குத்தான் தெரியும். நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை, விழுப்புரம் ஆர்டிஓ ஆபீஸில் நான்காவதாக ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஹெரால்டு என்பது 1966-இல் மெட்ராஸில் செய்த சின்னக் கார். இரண்டே கதவு, வெளிர் பச்சை. மற்ற கார்களில் பானெட்டை மட்டும் தூக்குவார்கள். இதில் விளக்கு, மட்கார்டு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் கவிழும். இன்ஜின் தாம்பாளத்தில் எடுத்து வைத்த மாதிரி தெரியும். முதலில் திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மா வைத்திருந்தார்களாம். அவர்களிடமிருந்து மயிலத்தில் ஒரு காலேஜ் வாத்தியாருக்குப் போனது. அவரிடமிருந்து அப்பா வாங்கினார். அப்போது எனக்கு இரண்டு வயது. காரின் பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம்.

அப்பா பெயர் தேவா. ரயில்வேயில் ஃபிட்டர். சம்பளத்துக்கு ரயில், சந்தோஷத்துக்கு ஹெரால்டு. எட்டு வருஷம் அதைச் சரிசெய்தார். ஒரு வைப்பர் கைக்காகக் கோயம்புத்தூர் வரை போய் வந்திருக்கிறார். புது ஸ்க்ரூ கடையில் கிடைத்தாலும் வாங்க மாட்டார். அந்தக் காலத்து ஸ்க்ரூதான் வேண்டும். யாராவது காரைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்னால் அவருக்குப் போதாது. “எல்லாமே ஒரிஜினலுங்க,” என்று அவரே சேர்த்துச் சொல்லிவிடுவார்.

விழுப்புரம், திண்டிவனம், பாண்டிச்சேரிப் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் முப்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு திண்டிவனம் பைபாஸ் டீக்கடையில் கூடுவார்கள். அங்கே அப்பாவுக்கும் மணிமாறன் அங்கிளுக்கும் சண்டை நடக்காத மாதமே கிடையாது.

மணிமாறன் அங்கிளுக்கு வளவனூரில் நிலம் இருக்கிறது. கரும்பும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும். அவருடைய ஃபியட்டின் பழைய இன்ஜின் ஒருநாள் மொத்தமாக நின்றுபோனது. பார்ட்ஸ் கிடைக்கவில்லை. மாருதி வேன் இன்ஜினைப் போட்டுவிட்டார். அதில்தான் கல்யாணத்துக்கும் போவார், மல்லாட்டை மூட்டையும் ஏற்றுவார்.

“வெளிய ஃபியட்டு, உள்ள வேனு. வேஷங்கட்டின கூத்தாடி மாதிரி இருக்குதுய்யா ஒன் வண்டி,” என்பார் அப்பா.

“ஆமாய்யா, என்னுது கூத்தாடி. விடிய விடிய ஆடும். ஒன்னுது சாமி செலை. நாலு பேரு தூக்கினாத்தான் நவுரும்,” என்பார் அங்கிள்.

டீக்கடையே சிரிக்கும். அப்பா அவருக்கு ‘டூப்ளிகேட்டு’ என்று பேர் வைத்தார். பதினோரு வருஷமாகக் குரூப் முழுக்க அதுதான் அவர் பேர். அவர் பதிலுக்கு அப்பாவை ‘ஒரிஜினல்’ என்பார். எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால்கூட, “ஒரிஜினல் இருக்காராம்மா?” என்றுதான் கேட்பார்.

இந்த வருஷம் குரூப்பில் முதல் முறையாக ஒரு கண்காட்சி வைத்தார்கள். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானம். இரண்டு வரிசை. ஒன்று ஒரிஜினல் வண்டிகளுக்கு, இன்னொன்று மாற்றம் செய்தவற்றுக்கு. பார்த்துச் சொல்ல சென்னையிலிருந்து தாண்டவராயன் சார் வருகிறார் என்றார்கள். அவர் ரிட்டயர்டு இன்ஜினியர். பழைய கார் என்றால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அப்பா ஒரிஜினல் வரிசையில் பேர் கொடுத்தார்.

அதற்குப் பத்து நாள் இருக்கும்போது ரயில்வேயில் அப்பாவைத் திருச்சிக்கு டிரெய்னிங் அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவார். ஞாயிறு காலை கண்காட்சி. எனக்குக் காலாண்டு லீவு. அப்பா வருவதற்குள் இன்ஜினைப் பளபளவென்று ஆக்கி வைத்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் நான் நினைத்தது.

இரும்பு தேய்க்கும் கை கிரைண்டரைப் பிடிக்க எனக்குத் தெரியும். சின்னச் சின்ன இரும்பு பாகங்களை அப்பா என்னிடம் தேய்க்கக் கொடுப்பார். அன்றும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்தேன். அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். முதலில் வயர் பிரஷ் போட்டு கிரீஸையும் பழைய பெயின்ட்டையும் எடுத்தேன். இடது பக்கம், இன்ஜினின் மேல் ஓரத்தில், என் விரல் நீளத்துக்குத் தட்டையாக ஒரு மேடு இருந்தது. அதில் மட்டும் பெயின்ட் கெட்டிப்பட்டுக் கொப்புளம் கொப்புளமாக நின்றது. பிரஷுக்கு மசியவில்லை. எமரி வீலை மாட்டித் தேய்த்தேன். நெருப்புப் பொறி பறந்தது. மேடு பள்ளம் எல்லாம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனது. அதன் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து, பக்கத்தில் நின்று செல்ஃபியும் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை குரூப்பில் தாண்டவராயன் சார் ஒரு படம் போட்டார். ஒரு ஹெரால்டு இன்ஜின். அதே தட்டையான மேடு. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஒரிஜினல் வரிசைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் அடித்திருக்கும் நம்பரைத் துடைத்து, தெளிவாகத் தெரியும்படி வைத்திருக்கவும் என்று கீழே எழுதியிருந்தார்.

ஷெட்டுக்கு ஓடினேன். தின்னர் போட்டு என் பெயின்ட்டைத் துடைத்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. என் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது.

போனில் தேடிப் பார்த்தேன். தேடியிருக்கக் கூடாது. இன்ஜின் நம்பரைச் சுரண்டிய வண்டி என்று போட்டாலே திருட்டு வண்டி, போலீஸ், பறிமுதல் என்றுதான் வந்தது. அடுத்த மாதம் எங்கள் காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வேண்டும். ஆபீஸர் வந்து அதே இடத்தைத்தான் பார்ப்பார். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள், ரயில்வே வேலை போய்விடும், காரை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் போட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொன்றாக ஓடியது. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் முன்னால் அப்பா பானெட்டைத் திறப்பார். அந்த நிமிஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று அப்பா போன் செய்தார்.

“ஜெசி, குரூப்புல ஏதோ நம்பர் போட்டோ கீட்டோன்னு போட்டிருக்காங்க. நீ ஒன்னும் எடுத்து அனுப்பிடாத. ஷெட்டுப் பக்கமே போவாத. நான் வந்து பாத்துக்கறேன்.”

“சரிப்பா,” என்றேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்பா ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை.

புதன்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் நம்பர் பஞ்ச் செட் வாங்கினேன். இரும்பில் எண் அடிக்கும் உளிகள். பெட்டியில் ஒன்பதுதான் இருந்தன. ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது என்று கடைக்காரர் சொன்னார். எதற்கு என்று கேட்டபோது ஸ்கூல் புராஜெக்ட் என்றேன். அப்பாவின் பீரோவிலிருந்து கார் ஃபைலை எடுத்தேன். ஆர்சி கார்டில் இன்ஜின் நம்பர் இருந்தது. ஒரு பழைய இரும்புத் துண்டில் அடித்துப் பழகினேன். ஒவ்வொரு எண்ணும் குடித்தவன் நடக்கிற மாதிரி ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. இதைக் கை பழகினவர் ஒருவர்தான் செய்ய முடியும். இன்ஜின் மாற்றி நம்பர் விவகாரமெல்லாம் பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

வியாழக்கிழமை அம்மாவிடம் கூடப் படிக்கும் இளவரசி வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வளவனூர் பஸ் ஏறினேன்.

மணிமாறன் அங்கிள் களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். ஃபியட் டிக்கியைத் திறந்தபடி பக்கத்தில் நின்றது.

“அடடே, ஒரிஜினலோட பொண்ணு! என்னாம்மா தனியா வந்திருக்க? அப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

அவ்வளவுதான், அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பையிலிருந்து பஞ்ச் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“கார்டுல இருக்கற அதே நம்பரத்தான் அங்கிள். நீங்க நேரா அடிச்சுக் குடுத்துடுங்க. யாருக்கும் தெரியாது.”

அவர் ஏழாம் நம்பர் உளியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்மா, என்னை ஊரே டூப்ளிகேட்டுன்னுது. பேரு வச்சதே ஒங்கப்பன்தான். அந்த டூப்ளிகேட்டு இன்னிய வரிக்கும் ஒரு நம்பரத் திருட்டுத்தனமா அடிச்சதில்ல. வேன் இன்ஜின் போட்டப்போ ஆறு தடவ ஆர்டிஓ ஆபீசுக்கு நடந்தேன். ஒரு தடவ சாப்பாட்டு நேரம்னான், ஒரு தடவ ஜெராக்ஸு சரியில்லன்னான். பேஜாரு. ஆனா என் வண்டியில இருக்கற நம்பரு என் புக்குல இருக்கற நம்பரு. இப்ப நீ வந்து என்னை நெசமாவே டூப்ளிகேட்டு ஆக்கப் பாக்கறியே.”

“போலீஸ் அப்பாவப் புடிச்சுடுவாங்க அங்கிள்.”

“எதுக்குப் புடிக்கறாங்க? நீ என்னா கொலையா பண்ணிட்ட? தேச்சுட்ட. மூக்கத் தொடச்சிக்க. ஃபைலு வச்சிருக்கியா, அதக் குடு.”

களத்து ஓரமாக உட்கார்ந்து ஃபைலைப் புரட்டினார். இன்சூரன்ஸ், ரசீது, இன்னும் ஏதேதோ. அதற்கு நடுவிலிருந்து ஒரு மெல்லிய தாளை எடுத்தார். தாள் முழுக்கப் பென்சில் கறுப்பு. நடுவில் வெள்ளையாக எண்கள். நாம் காசை நோட்டுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே மாதிரி.

“இது என்னான்னு தெரியுமா? பென்சில் பிரிண்ட்டு. ஒங்கப்பன் பேருக்கு வண்டிய மாத்தினப்போ இன்ஜின்மேல தாள வச்சுத் தேச்சு எடுத்தது. இந்த மாதிரி ஒன்னு ஆபீஸ் ஃபைல்லயும் இருக்கும். பாரு, கார்டும் இதுவும் ஒரே நம்பரு. இது இருக்கற வரிக்கும் ஒங்க வண்டிய எவனும் திருட்டு வண்டின்னு சொல்ல முடியாது. நடந்தத எழுதிக் குடுத்தா, ஒத்துப் பாத்துட்டு, அவங்க பர்மிஷன்ல அதே நம்பரத் திரும்ப அடிச்சுக்கலாம். அலைய வுடுவாங்க. அவ்ளோதான்.”

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அவர் இன்னும் புரட்டிக்கொண்டிருந்தார். ஃபைலின் அடியில் 1966-இல் போட்ட பழைய ஆர்சி புத்தகம் இருந்தது. அதில் அப்பா பேருக்கு மாற்றிய முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப்போனார். நடுவில் இரண்டு பக்கம் சேர்ந்தே வந்தது. ஸ்டேப்ளர் பின் ஒன்று இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. பின் துருப்பிடித்திருந்தது. அவர் நகத்தால் நெம்பினார். பக்கம் பிரிந்தது.

உள்ளே நீல மையில் இரண்டு வரி. ஒரு வட்ட முத்திரை. 1974. பழைய இன்ஜினுக்குப் பதிலாக வேறு இன்ஜின் பொருத்தப்பட்டது என்று எழுதி, புது நம்பர் போட்டிருந்தது.

அவர் அதைப் படித்தார். முதல் பக்கத்துக்குப் போய் அங்கே இருந்த நம்பரைப் பார்த்தார். பிறகு பென்சில் பிரிண்ட்டைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்து நம்பர் வேறு. பென்சில் பிரிண்ட்டில் இருந்தது 1974-இல் எழுதிய நம்பர். அதாவது, எங்கள் காரின் இன்ஜின் எங்கள் காரோடு பிறந்ததே இல்லை. அதே ஹெரால்டு வகை இன்ஜின்தான். ஆனால் வேறொரு வண்டியுடையது. அந்தப் பக்கத்தைப் பின் போட்டு மூடியது யார் என்பதை என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது அப்பாவின் பீரோ. சாவி அவரிடம்தான் இருக்கும், அல்லது அவர் அதை மாட்டி வைக்கும், எனக்கும் தெரிந்த ஓர் ஆணியில்.

மணிமாறன் அங்கிள் சிரிப்பார் என்று நினைத்தேன். பதினோரு வருஷம் டூப்ளிகேட்டு என்று கேட்டவர். உடனே போனை எடுத்துக் குரூப்பில் போட்டோ போட்டிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்?

அவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்தார். அதே துருப்பிடித்த பின்னை, அதே ஓட்டையில் மெதுவாக நுழைத்தார். கால்களைக் கட்டைவிரலால் மடக்கி அழுத்தினார்.

“நீ தேச்ச கதைய நீ ஒங்கப்பன்கிட்ட சொல்லிடு. இந்தப் பக்கத்துக் கதை ஒன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. வெளங்குதா?”

தலையாட்டினேன்.

“இந்த உளிப் பொட்டி இங்கயே இருக்கட்டும். மம்முட்டிக்கெல்லாம் நம்பர் போட்டுக்கறேன். அக்கம்பக்கத்துல வாங்கிக்கினு போறவன் எவனும் திருப்பித் தர மாட்டேங்கறான்.”

ஃபியட்டிலேயே என்னை விழுப்புரம் வரை கொண்டுவந்து விட்டார். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. ஹெரால்டு அப்படிக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. வழியெல்லாம் கரும்புச் சோகையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வந்தார். பையை இறக்குவதற்குள் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன். பானெட்டைக் கவிழ்த்தார். அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார்.

“ஒன்னுமே தெரியலியா?”

“ஒன்னுமே இல்லப்பா.”

கழற்றி வைத்திருந்த டயரின் மேல் உட்கார்ந்தார். அடிப்பார், கத்துவார் என்று சுவரை ஒட்டி நின்றேன்.

“நல்லதாப் போச்சு,” என்றார். உடனே தலை நிமிர்ந்து, “இல்ல, ஒன் கை, கண்ணுக்கு ஒன்னும் ஆவலியே, அதச் சொன்னேன்,” என்றார்.

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. இன்ஜினில் நம்பரே இல்லையென்றால் கண்காட்சியில் அதைப் பழைய புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க முடியாது. என் தப்பு அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது.

மணிமாறன் அங்கிளிடம் போனதைச் சொன்னேன். அப்பா முகம் மாறியது.

“ஃபைலக் காட்டினியா?”

“ம்.”

“பூராத்தையும் பாத்தானா?”

“பென்சில் பிரிண்ட் பாத்தாரு. அது இருந்தா போதும், ஆர்டிஓல பேசிக்கலாம்னு சொன்னாரு.”

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அது என் கதை இல்லை என்று அங்கிள் சொல்லியிருந்தாரே. அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. அம்மாவிடம் அவரே சொன்னார். அம்மா என்னைத் திட்டிவிட்டு, என் கண்களை விளக்கு வெளிச்சத்தில் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

இன்று காலை திண்டிவனம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு இரண்டு வரிசை. எங்கள் ஹெரால்டு ஒரிஜினல் வரிசையில் மூன்றாவது. எதிர் வரிசையில் நேர் எதிரே மணிமாறன் அங்கிளின் ஃபியட். கழுவிக்கூட எடுத்து வரவில்லை.

தாண்டவராயன் சார் குள்ளமாக, கையில் ஒரு சின்ன டார்ச்சோடு வந்தார். பின்னால் பத்துப் பேர். அப்பா பானெட்டைக் கவிழ்த்தார். டார்ச் வெளிச்சம் நேராக அந்த இடத்துக்குப் போய் நின்றது.

“நம்பர் எங்க தேவா?”

“க்ளீன் பண்ணும்போது போயிடுச்சு சார்.”

“யார் பண்ணது?”

“நான்தான் சார்.”

நான் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

“அடப்பாவி,” என்றார் தாண்டவராயன் சார். கோபமாகச் சொல்லவில்லை. காயம் பட்ட குழந்தையைப் பார்த்துச் சொல்வது மாதிரி சொன்னார். அப்பா கார்டையும் பென்சில் பிரிண்ட்டையும் காட்டினார். சார் இரண்டையும் மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தார்.

“சரி, இது ரெண்டும் ஒத்துப்போவுது. சட்டத்துக்கு இது போதும். ஒரிஜினல் வரிசைக்குப் பழைய புக்கோட மொதல் பக்கமும் பாக்கணும். இருக்கா?”

அப்பா பதில் சொல்வதற்குள் சார் எதிர்ப்பக்கம் திரும்பினார். “மணிமாறன், இங்க வாங்க. இவரு வண்டியில பதினோரு வருஷமா குத்தம் தேடுறவரு நீங்கதானாமே. நீங்க சொல்லுங்க, புக்க பாக்கணுமா, வேணாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மணிமாறன் அங்கிள் மெதுவாக வந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“சார், நான் டூப்ளிகேட்டு ஆளு. ஒரிஜினல் வரிசையில எனக்கு என்னா வேலை? அவன் வண்டிய அவனாட்டம் தெரிஞ்சவன் இல்ல. தேவா என்னா சொல்றானோ அதான்.” சொல்லிவிட்டு, குனிந்து யாரோ ஒருவருடைய அம்பாசடர் டயரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்பா ஃபைலைத் திறந்து பழைய புத்தகத்தை வெளியே எடுத்தார். முதல் பக்கத்தைக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் விரல் நடுப்பக்கத்தில் நின்றுவிட்டது. அந்தப் பின்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் போட்டபோது பின்னின் கால்கள் பின்பக்கம் மடங்கியிருந்தன. இப்போது முன்பக்கம் மடங்கியிருந்தன.

நிமிர்ந்து மணிமாறன் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் டயரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

அப்பா பின்னைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தைப் பிரித்து சாரிடம் நீட்டினார்.

“சார், இது 1974-ல மாத்தின இன்ஜின். ஹெரால்டு இன்ஜின்தான், ஆனா இந்த வண்டியோடது இல்ல. ஏன் மாத்தினாங்கன்னு தெரியாது. மாத்தினது எனக்கு வாங்கின அன்னிலேந்து தெரியும்.”

மைதானத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தென்னரசு என்ற அண்ணன், குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர், சிரித்துவிட்டார்.

“அப்போ ஒரிஜினலும் டூப்ளிகேட்டா?”

“டேய், ஒன் வண்டியில ஸ்டிக்கர் மட்டுந்தான் ஒரிஜினலு. நீ வாய மூடு,” என்றார் மணிமாறன் அங்கிள், டயரிடமிருந்தே.

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். தாண்டவராயன் சார் புத்தகத்தை மூடி அப்பா கையில் கொடுத்தார். “நல்ல வண்டி, தேவா. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. அந்தப் பக்கம் நிறுத்திடுங்க,” என்றார். அவ்வளவுதான். அடுத்த காருக்குப் போய்விட்டார்.

அப்பா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஹெரால்டு இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை அதுவும் இல்லை.

“வாங்கப்பா, சாமி செலையத் தூக்கலாம்!” என்று மணிமாறன் அங்கிள் குரல் கொடுத்தார். நாலு பேர் வந்தார்கள். நானும் பின்னால் கை வைத்தேன். தள்ளிக்கொண்டு போய் ஃபியட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினோம்.

அப்பா இறங்கினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் காரில் சாய்ந்து நின்றார்கள்.

“பின்னத் திருப்பிக் குத்தியிருக்க,” என்றார் அப்பா.

“கண்ணாடி போடாமப் பண்ணிட்டேன்.”

“வியாழக்கிழமையே ஒனக்குத் தெரியும். ஏன்யா சொல்லல?”

“சொல்லிட்டா அப்புறம் மாசா மாசம் டீக்கடையில யாருகூட சண்ட போடறது?”

அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சின்ன வயசுல எனக்கு வந்ததெல்லாம் யாரோ போட்டுட்டுக் குடுத்தது மணி. சட்டை, சைக்கிளு, புஸ்தகம், எல்லாத்துலயும் ஒட்டு. இது ஒன்னாவது ஒட்டு இல்லாம முழுசா இருந்துட்டுப் போவட்டும்னு ஆச. பக்கத்தப் பாத்ததும் பின்னப் போட்டுட்டேன்.”

“அது தெரிஞ்சிதான் நானும் திரும்பப் போட்டேன்,” என்றார் அங்கிள். பிறகு, “செவ்வாக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். என் வண்டியிலயே போயிடலாம். ஒன் வண்டிய நம்பினா ஆபீஸ் மூடிடுவாங்க,” என்றார்.

திரும்பி வரும்போது ஹெரால்டு எப்படியோ கிளம்பிவிட்டது. அப்பா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஓட்டினார். கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை விசில் அடித்தார். அவர் விசில் அடித்து நான் இதற்கு முன் கேட்டதில்லை.

இப்போது மேஜையில் ஆர்டிஓவுக்கு எழுதிய மனு இருக்கிறது. அப்பா எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். “என் கவனக்குறைவால் நம்பர் அழிந்துவிட்டது” என்று எழுதியிருக்கிறார். மைதானத்தில் சொன்ன அதே ‘நான்தான்’. மனுவோடு புதிதாக ஒரு பென்சில் பிரிண்ட்டும் வைக்க வேண்டுமாம். சாயங்காலம் அதை என்னை எடுக்கச் சொன்னார். நான் தேய்த்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். தாள் முழுக்கக் கறுப்பு. ஒரு எண்கூட இல்லை.

எனக்கு எல்லோர்மீதும் நன்றி பொங்குகிறது. அப்பா என்னை ஒரு அடி அடிக்கவில்லை. மணிமாறன் அங்கிள் கையில் இருந்ததை வைத்து அப்பாவை அடிக்கவில்லை. அந்தப் பின்னைத் தலைமாற்றிக் குத்திய அவருடைய கண்ணுக்குக்கூட நான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மைதானத்தில் என் வாயிலிருந்து சத்தம் வராமல் போனதே, அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை அந்த ஆபீஸர் எப்படிப்பட்டவரோ தெரியாது. கத்துவாரோ, சிரிப்பாரோ. நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இப்போதே செய்துவிட்டேன். அந்தக் கறுப்புத் தாளின் கீழே மிச்சம் இருந்த வெள்ளையில் பேனாவால் எழுதினேன். இதைத் தேய்த்து அழித்தது அப்பா இல்லை, நான். தே. ஜெசிந்தா, பிளஸ் ஒன்.

எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அந்த உளியால் அடித்த எண்கள் மாதிரியே. இருக்கட்டும். மனுவோடு சேர்த்து ஒரு புதுப் பின் போட்டிருக்கிறேன். பிரித்துப் பார்க்கும்படி, ஓரத்தில் ஒன்றே ஒன்று.